முழியழகியின் கடைசி ரீல்

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்திய லண்டனில் என்னை ஒரு மேடையில் ஏற்றினார்கள். நானாக ஏறவில்லை. என் முழங்கால்கள் அப்படிப்பட்ட முயற்சிகளை இப்போதெல்லாம் ஆதரிப்பதில்லை. மார்கரெட் என்ற எழுபது வயது அம்மையார் கையைப் பிடித்து இழுக்க, பியானோ வாசிக்க வந்தவர் பின்னால் நின்று தள்ள, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். கீழே நூறு பேர்வரை இருந்து கைதட்டினார்கள். மைக்கை நீட்டினார்கள். முப்பது வருடமாகப் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து "எத்தனையாம் பம்ப்?" என்று கேட்டே பழகிய வாய். நன்றி என்று மட்டும் சொல்லி, ரசீது வேண்டுமா என்று கேட்காமல் இறங்கியதை என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவனுக்கு எதற்குக் கைதட்டல் என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜெர்மன் பேசாப் படத்தின் தொலைந்துபோன முடிவை மீட்டுக் கொடுத்தேனாம். மீட்டேன் என்பது பெரிய சொல். அது இல்ஃபோர்டில் எங்கள் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், மனிசியின் கூறைச்சேலைப் பெட்டிக்குப் பின்னால், ஒரு சாமிப் பட வீடியோ கசெற்றில் கிடந்தது. சாமிப் படக் கசெற்றுக்குள் ஜெர்மன் நடிகை எப்படிப் புகுந்தாள் என்ற கதையில் பாதியைத்தான் மார்கரெட் மேடையில் சொன்னார். மீதியைச் சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ரிக்கற் எடுத்து வந்த சனத்தின் ஞாயிற்றுக்கிழமையை ஏன் கெடுப்பான்? நீங்கள் சொந்தச் சனம். உங்களுடையது கெட்டால் பரவாயில்லை.

2

எண்பதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், கனடாவுக்கென்று வெளிக்கிட்டுப் பெர்லினில் போய் நின்றவன் நான். அப்போது எங்கள் பொடியள் பலருக்கு அதுதான் வழி. கிழக்குப் பெர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலில் ஏறி, மேற்குப் பெர்லினில் இறங்கி, அகதி என்று கையைத் தூக்குவது. எங்களை ஒரு பழைய விடுதியில் போட்டார்கள். ஓர் அறைக்கு ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. கதைக்க அனுமதி இருந்தது, ஆனால் பாஷை இல்லை.

விடுதியின் பொது அறையில் ஒரு தொலைக்காட்சி. அதில் வருகிறவர்கள் எங்களைக் கணக்கெடுக்காமல் ஜெர்மனில் கதைத்துக்கொண்டே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு சானலில் கதைக்காத ஆட்கள் வந்தார்கள். வாயைத் திறப்பார்கள், சத்தம் வராது. கொஞ்சம் பொறுத்து ஒரு கறுப்பு அட்டையில் எழுத்து வரும். அந்த நாட்டில் முதல் தடவையாக, எங்களைப் போலவே கஷ்டப்பட்டுக் கதைக்கிற மனிதர்களைக் கண்டோம். உடனே ஒட்டிக்கொண்டோம்.

அந்த ஞாயிறுகளில் திரும்பத் திரும்ப வந்தாள் ஒருத்தி. அவளுடைய பெயர் நாலு துண்டு. எங்கள் அறையில் ஒருவனுக்கும் அது முழுதாக வாய்க்குள் நுழையவில்லை. ஆகவே கூடிப் பேசி முழியழகி என்று பெயர் வைத்தோம். மற்ற நடிகைகள் கையைக் காற்றில் வீசி, நெஞ்சைப் பிடித்து, சோபாவில் விழுவார்கள். இவள் விழமாட்டாள். சும்மா நின்று பார்ப்பாள். கண்ணைச் சுற்றி மை அப்பியிருப்பார்கள், அந்த மைக்குள்ளிருந்து ஒரு பார்வை வரும். தந்திக் கந்தோர்ப் பெண்ணாக வந்த படத்தில், வந்த தந்தியை வாசித்து முடித்து, மடித்து, மேசையில் வைப்பாள். அவ்வளவுதான். அவளுடைய சொந்தக்காரன்தான் செத்தது என்று ஆறு பேருக்கும் விளங்கிவிட்டது. கலங்கரை விளக்கக்காரனின் மனைவியாக வந்ததில் பாதிப் படம் படி ஏறினாள். சமையல்காரியாக வந்ததில் அவள் உருளைக்கிழங்கு உரித்த விதத்தைப் பார்த்து, எங்கள் அறையின் சமையல் பொறுப்பாளன், இவளுக்கு உண்மையிலேயே உரிக்கத் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்தான். அவன் லேசில் யாருக்கும் கொடுக்காதவன்.

நான் அந்த அட்டைகளைக் கொப்பியில் எழுதி, அகராதி பார்த்து, ஜெர்மன் படித்தேன். அதன் பலன் வெளிநாட்டவர் கந்தோரில் தெரிந்தது. விலாசம் மாறிவிட்டதா என்று அதிகாரி கேட்டார். நான் எழுந்து நின்று, அறிந்த ஜெர்மனில், ஐயகோ பிரபுவே, விதி என்னை இன்னும் அதே இருண்ட இல்லத்தில்தான் வைத்திருக்கிறது என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். நாலு அதிகாரிகளுக்கு முன்னால் நின்று என் விலாசத்தைச் சொன்னேன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற கடிதம் பிறகு வரத்தான் செய்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் என்னைக் கண்டால் எல்லாருக்கும் முகம் மலரும். ஒரு நாட்டில் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது?

3

அந்த விடுதிக்குத்தான் அக்காவின் கல்யாணக் கசெற் வந்தது.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்கா, நான், எனக்கு நாலு வயது இளையவன் சசி. கோண்டாவிலில் அக்காவின் கல்யாணம் நடந்தபோது நான் பெர்லினில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். வர முடியாத பிள்ளைக்குக் கல்யாண வீட்டை வீடியோவாக அனுப்புவது அப்போது புதிதாகத் தொடங்கிய வழக்கம். அம்மா ஒரு பிரதி எடுத்து, ஜெர்மனிக்கு வெளிக்கிட்ட ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

கொடுக்கும்போது அம்மா ஒரு வேலை செய்தார். கல்யாண வீடென்றால் ஊர்ப் பொடியள் அத்தனை பேரும் அதில் நிற்பார்கள். வழியில் ஆமி மறித்து, கசெற்றைப் போட்டுப் பார்த்தால், முகம் முகமாக ஆள் பிடிக்கலாம். ஆகவே மணமக்கள் பெயர் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டு, ஒரு முருகன் படத்தின் பெயரை எழுதி ஒட்டி, அந்தப் படத்தின் உறைக்குள்ளேயே போட்டு அனுப்பினார். அந்தக் காலத்துத் தாய்மார் பலரும் செய்த காரியம்தான். எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் ஒருவரும் முருகனைச் சந்தேகப்படவில்லை.

விடுதியில் அந்தக் கல்யாணத்தை எத்தனை தடவை நடத்தினோம் என்று தெரியாது. என் அக்காவை நேரில் கண்டிராத ஐந்து பேர், பந்தியில் எந்த மாமா இரண்டாம் தரம் வடை கேட்டார் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சசி கமராவுக்குப் பிடிபடாத ஆள். பாயாச வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவான். ஒரே ஓர் இடத்தில், அக்கா கூப்பிட்டிருக்க வேண்டும், திரும்பி நேரே பார்ப்பான். அரை நிமிடம் வரும். பிறகு சிரிப்பான்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பார்த்திராத ஒரு முழியழகி படம் வரப்போவதாகப் பத்திரிகையில் இருந்தது. இதைப் பதிந்து வைக்கவேண்டும் என்று எனக்கு வெறி. வெறும் கசெற் இல்லை. பொது மேசையில் கிடந்த குவியலைக் கிண்டினேன். முருகன் படம் ஒன்று இருந்தது. கல்யாணக் கசெற் என் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதாகத்தான் எண்ணம். அது பக்கத்து விடுதிக்கு இரவல் போய்த் திரும்பி வந்து, அந்தக் குவியலில் சேர்ந்தது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் முருகா என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

படம் ஒரு மணி ஐம்பது நிமிடம். துறைமுக ஊரில் ஒரு பெண். புருஷன் கப்பலில் போய்விட்டான். அவள் காத்திருக்கிறாள். வேறொன்றும் நடக்காது. கடைசியில் ஒரு கடிதத்தை எழுதி மேசையில் வைத்து, வீட்டைப் பூட்டி, ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கி, வாசல் கேற்றடியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். நீளமாகப் பார்ப்பாள். பிறகு போய்விடுவாள். ஆறு பேரும் மூக்கை உறிஞ்சினோம்.

பதிவை நிறுத்திவிட்டு, சரியாகப் பிடித்ததா என்று பார்க்க ஓடவிடும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வெள்ளைப் புள்ளிகள் பறந்தன. பிறகு திடீரென்று கலர். பூக்கட்டிய கறுப்புக் கார் ஒன்று ஒரு கேற்றடியில் நின்றது. முருகன் எந்தக் காலத்தில் காரில் போனவர் என்று யாரோ கேட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் நிறுத்தினேன். அது எங்கள் வீட்டுக் கேற்.

கசெற்றின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபடி பதிய முடியாது. அன்று பின்னேரம் நான் அதை உடைத்தேன். என் அறிவு எப்போதும் இப்படித்தான், கலியாணம் முடிந்த பிறகு தாலி வாங்கப் போகும்.

4

ஜெர்மனி வேண்டாமென்றது. லண்டன், யோசித்துச் சொல்கிறேன் என்றது. பதினொரு வருடம் யோசித்தது. குரோய்டனில் குடிவரவுக் கந்தோரின் பெரிய கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றே எனக்கு இங்கிலாந்தின் நாலு பருவமும் பழக்கமாயின. இதற்கிடையில் கௌரியைக் கலியாணம் கட்டினேன், ஆரணி பிறந்தாள், பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட், பிறகு பகல் ஷிப்ட், பிறகு முழங்கால்.

இதற்கிடையில்தான் சசியும் இல்லாமல் போனான். சைக்கிள் ரியூப் வாங்கக் கடைக்குப் போனவன். யார் பிடித்தது என்று மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்று விதத்திலும் அவன் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தியே, ஒரு சுற்றிவளைப்பு வருகிறதென்று கேள்விப்பட்டு, அம்மா வீட்டிலிருந்த அவனுடைய படங்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டிருந்தார். அடையாள அட்டை அவனோடேயே போய்விட்டது. ஊரில் இருந்த மூலக் கசெற், எல்லாரும் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போனது. மிஞ்சியது லண்டன் கசெற்.

அம்மா கண்ணை மூடும் வரைக்கும், அது லண்டனில் பத்திரமாக இருக்கிறது என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். நானும் ஓம் என்றேன். முதல் தடவை பொய் என்று தெரிந்தே சொன்னேன். பத்தாம் தடவை சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரித்தான் இருந்தது.

வீட்டில் வீடியோ டெக் இருந்த காலத்திலேயே ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று கௌரி ஒருநாள் கேட்டாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். படம் முடிந்த பிறகு கசெற்றில் பத்து நிமிடக் கல்யாணம் மிச்சம் இருக்கிறது என்றேன். சசி திரும்பிப் பார்க்கும் இடம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருகிறது என்பது என் ஞாபகம். கார் புறப்பட்ட பிறகு, வீட்டுக்குள் திரும்பி வரும் கூட்டத்தில் நின்று பார்க்கிறான். அப்படித்தான் ஞாபகம். போட்டுப் பார்க்காதவரைக்கும் அப்படித்தான் இருக்கும்.

கௌரி கசெற்றை எடுத்துத் தன் கூறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

5

இந்த வருடத் தொடக்கத்தில் அக்கா போன் எடுத்தார். அத்தான் காலமாகி, அக்கா இப்போது கோண்டாவிலில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். காணாமல் போனவர்களின் விபரத்தைப் புதிதாகப் பதிகிறார்களாம், விண்ணப்பப் போமில் படம் ஒட்ட ஒரு கட்டம் இருக்கிறதாம். இதுவரைக்கும் எத்தனையோ போம் நிரப்பியாயிற்று, எல்லாவற்றிலும் சசி ஒரு இலக்கமாகத்தான் போயிருக்கிறான் என்றார்.

"அவன் வருவான் எண்டு நான் நினைக்கேல்லை, தம்பி. ஒரு பேப்பரிலயாவது அவன்ரை முகம் இருக்கட்டும். கசெற்றில இருந்து படம் எடுக்கலாமெண்டு பிள்ளையள் சொல்லுதுகள். ஒருக்கா எடுத்து அனுப்பு."

"டெக் பழுதக்கா. பாப்பம்," என்றேன்.

"நீ முப்பது வருசமா பாப்பம் எண்டுறாய்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் பிரச்சினை.

நான் என்ன செய்தேன்? வழக்கமாகக் கஷ்டம் வந்தால் செய்வதைத்தான். படம் பார்க்கப் போனேன். மத்திய லண்டனில் ஒரு சின்னத் தியேட்டரில் ஞாயிறு பிற்பகலில் பேசாப் படங்கள் போடுவார்கள், பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். பத்து வருடமாக நான் அங்கே நிரந்தர வாடிக்கை. வருகிற இருபது பேரில் நான் ஒருவன்தான் எங்கள் நிறம், ஆதலால் என்னை ஏதோ பேராசிரியர் என்று நினைத்திருந்தார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அன்று முழியழகி படம். அதே துறைமுகப் படம்.

படத்துக்கு முன்னால், நிகழ்ச்சியை நடத்தும் மார்கரெட் அவளைப் பற்றிச் சொன்னார். முப்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவள். மிஞ்சியிருப்பவை ஒன்பது. சில குண்டு விழுந்து எரிந்தன, சில அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டன. பேசும் படம் வந்ததும் அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய ஊர்ப் பேச்சைக் கேட்டுத் தியேட்டர் சிரித்தது. அதோடு சினிமா முடிந்தது. பிறகு அங்கே ஆட்சி மாற, தப்பி லண்டனுக்கு வந்து, வட லண்டனில் ஒரு பட்டறையில் கையுறை தைத்தாள். வெளிநாட்டுக்காரி என்று பொலிசில் போய்ப் பதிந்துகொண்டிருந்தாள். தான் நடிகை என்று பக்கத்து வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லை. அவளும் அகதிதான், எனக்கு மச்சாள் முறை வேண்டியவள் என்று நாற்பது வருடமாகத் தெரியாமலே இருந்துவிட்டேன்.

படம் கடிதத்தை மேசையில் வைப்பதோடு நின்றுவிட்டது. கடைசி ரீல் இல்லையாம். அவள் கடலில் குதித்துச் சாகிறாள் என்பதுதான் அறிஞர்களின் முடிபு என்றார் மார்கரெட். கேள்விகள் உண்டா என்றார். நான் கையைத் தூக்கினேன். பெர்லினில் தூக்கிய கை, இன்னும் புத்தி வரவில்லை. அவள் சாகவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள், நான் பார்த்தேன் என்றேன்.

மார்கரெட் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தி, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்த ஒரே ஒளிபரப்புக்குப் பிறகு அந்தப் பிரதியும் காணாமல் போய்விட்டதாம். கசெற்றில் பதிந்தது வீட்டில் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் சொன்னேன். எனக்கு அவள் திட்டுவாள் என்றுதான் எண்ணம்.

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் போட்டுப் பாத்திடுங்கோ. இருந்தால் இருக்கட்டும். இல்லாட்டியும் இல்லை எண்டு தெரியட்டும்," என்றாள். பிறகு கூறைப் பெட்டியை நகர்த்திவிட்டு, "என்னை ஒருநாளாவது இப்பிடிப் பாத்திருக்கிறியளே, அந்த முழியழகியைப் பாக்கிற மாதிரி?" என்றாள்.

6

பழைய கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றுகிற இடத்துக்கு மார்கரெட் என்னைக் கூட்டிப் போனார். சன்னல் இல்லாத அறை. அங்கே வேலை செய்பவர் கையுறை போட்டுக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி நாடாவைத் துடைத்தார். அம்மா ஒட்டிய முருகன் தாளைச் சுரண்டி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் போனதும் மார்கரெட் எழுந்து நின்றுவிட்டார். கடிதம் மேசையில். கதவு. பூட்டு. கேற். முழியழகி திரும்பினாள். மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அறிஞர்கள் இத்தனை காலம் கடலில் தள்ளி வைத்திருந்த ஒருத்தி உயிரோடு வந்து நிற்கிறாள். நானும் பார்த்தேன். ஆனால் என் கண் அவளுக்கு அடுத்ததற்காகக் காத்திருந்தது.

வெள்ளைப் புள்ளிகள். பிறகு கார்.

அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானின் தலைப்பாகை சரிந்திருந்தது. ஆட்கள் மறைத்தார்கள். அக்கா காருக்குள் குனிந்து ஏறினார். நீலக் கட்டம் போட்ட சட்டைக் கை ஒன்று நீண்டு, கார்க் கதவைச் சாத்தியது. கார் போனது. கமரா ஒழுங்கையைக் காட்டியது. ஒழுங்கை, வேலி, மதகு, பிறகு மறுபடி ஒழுங்கை. கமராக்காரருக்கு மிச்ச நாடாவை என்ன செய்வதென்று தெரியவில்லைபோலும், கடைசி மூன்று நிமிடமும் ஒரு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கூட்டம் வீட்டுக்குள் திரும்பவில்லை. அப்படி ஒரு காட்சியே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் என் மூளை தானே ஒரு எடிட்டராகி, சசியின் பார்வையை வெட்டி எடுத்து, காருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தது. உண்மையில் அது காருக்கு முன்னால் வந்தது. பந்தி முடிந்த கையோடு. அதாவது, முழியழகி கேற்றடியில் திரும்பிப் பார்க்கிறாளே, சரியாக அதற்குக் கீழே.

கீழே ஏதாவது மிச்சம் இருக்குமா என்று அந்த மனிதரிடம் கேட்டேன். எழுதிய சுவரைச் சுரண்டினால் பழைய எழுத்து வருவதில்லையா? அவர் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக விளக்கினார். பதிகிற மெஷின் மேலே எழுதுவதில்லை. முதலில் முழுதாக அழிக்கும், பிறகுதான் எழுதும். கீழே என்று ஒன்று கிடையாது.

அக்காவுக்கு நான் போன் எடுக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். அவர் எடுத்தபோது கௌரியைக் கதைக்கவிட்டேன்.

போன ஞாயிறு அந்தக் காட்சி பெரிய திரையில் ஓடியது. ஆரணி மான்செஸ்டரிலிருந்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். முழியழகி திரும்பியபோது நூறு பேர் மூச்சுப் பிடித்தார்கள். அரை நிமிடம். நான் எண்ணினேன். அவளுடைய மை அப்பிய கண்ணுக்குள் பாயாச வாளியைத் தேடினேன். கைதட்டல் எழுந்தது. வரும்போது ரயிலில் ஆரணி, தான் மிகவும் பெருமைப்படுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தக் கசெற்றில் முதலில் என்ன இருந்தது என்று கேட்டாள். உன் மாமியின் கல்யாணம் என்றேன். ஓ, சோ சாட், அப்பா என்று சொல்லிவிட்டு, தன் போனில் எடுத்த என் மேடைப் படத்தை யாருக்கோ அனுப்பினாள். அவளுக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்று ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். ஸ்டேஷன் வந்துவிட்டது.

7

திங்கட்கிழமை அக்கா எடுத்தார். கௌரி போனை என் கையில் வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை போம் கொடுக்கவேண்டும், கசெற் என்ன மாதிரி என்றார். நான் முதலில் ஒரு பகிடியோடுதான் தொடங்கினேன். அது பாதியில் நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முருகன் படம், முழியழகி, கார், உடைத்த பிளாஸ்டிக் துண்டு, அம்மாவுக்குச் சொன்ன பொய். நான் முடித்த பிறகு அக்கா ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"அம்மா ஆமிக்காரனை ஏமாத்த ஒட்டினதை நீயெல்லே நம்பிப்போட்டாய்."

நான் அவசரமாக, ஒரு கை இருக்கிறது என்றேன். கார்க் கதவைச் சாத்துகிற கை, நீலக் கட்டம் போட்ட சட்டை, அது அவனாக இருக்கலாம், முகமில்லாவிட்டாலும் கை இருக்கிறது என்றேன். அனுப்பு என்றார். அனுப்பினேன். பேத்தியின் ரப்லெற் திரையில் பார்த்தார்.

"இது உன்ரை அத்தான்ரை சித்தப்பா," என்றார் அக்கா. "என்ரை முந்தானையை உள்ளுக்க வைச்சுச் சாத்திப்போட்டார். போற வழி முழுக்க நான் அதை இழுத்துக்கொண்டு போனனான். சசி காரடிக்கு வரேல்லை. பின்வளவில நிண்டு அழுதவனாம், அம்மா பிறகு சொன்னவ."

போமில் படம் இல்லை என்று எழுதிவிடுகிறேன், அப்படி எழுதுகிற சனம்தான் கூடுதல் என்றார். நான் மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா என்றேன்.

"அந்த வெள்ளைக்காரியின்ரை படத்தை அனுப்பு."

"அது என்னத்துக்கக்கா?"

"அவன் கிடந்த இடத்தை ஒருக்காப் பாப்பம்."

மார்கரெட் தந்திருந்த கடைசிக் காட்சியை அனுப்பினேன். போனுக்குள்ளால் பியானோ கேட்டது. பூட்டுகிற இடத்தில் வருகிற மெட்டு, படி இறங்குகிற இடத்து மெட்டு. முடிந்தது. அக்கா பெருமூச்சு விட்டார்.

"பாவம். நல்லாத்தான் பாக்கிறாள். எதிலயடா அவன்?"

"கேற்றடியில அவள் திரும்பேக்க. அதில இருந்து அரை நிமிசம்."

பியானோ மறுபடி தொடங்கியது. பூட்டு, படி, கேற். பிறகு நின்றது.

"நிப்பாட்டிப்போட்டன்," என்றார்.

நான் போனைக் காதில் வைத்தபடி இருந்தேன். அந்தப் பக்கத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம். கொஞ்ச நேரத்தில் பேத்தி வந்து, தனக்குக் கார்ட்டூன் பார்க்க வேண்டும், ரப்லெற்றைத் தா அம்மம்மா என்று கேட்டாள். 

"பொறு பிள்ளை," என்றார் அக்கா. "இன்னும் பாத்து முடியேல்லை."